வாதநோய் நிபுணரை மதிப்பிடல்: ஆய்வும் அணுக்கமும்

ஒரு துறையில் வல்லவர் யார் என்னும் வினாவும், அவ்வல்லவரை எப்போது காணலாம் என்னும் வினாவும் ஒன்றையொன்று ஒட்டி எழுவன. எனினும் அவ்விரண்டிற்கும் விடைகூறும் சான்றுகள் வெவ்வேறானவை. இவ்வேற்றுமை மருத்துவத்தில், அதிலும் மூட்டுக்களையும் அவற்றைச் சூழ்ந்த இழையங்களையும் பற்றும் வாதநோய்களின் மருத்துவத்தில், மிகத் தெளிவாகப் புலப்படும். கைவிரல்கள் வீங்கி, காலையில் அவற்றை மடக்க இயலாத விறைப்பினால் வருந்தும் ஒருவர் வாதநோய் நிபுணரைத் தேடும்போது, இக்காலத்தில் இருவகைச் செய்திகள் அவர்க்கு எளிதிற் கிட்டுகின்றன. ஒன்று, நிபுணர் எழுதி வெளியிட்ட ஆராய்ச்சிக் கட்டுரைகளின் பட்டியல். மற்றது, அவரை உள்ளூரில் எந்நாளில் எவ்விடத்திற் காணலாம் என்னும் அட்டவணை. முன்னதைக் கண்டு வியந்து பின்னதைப் புறக்கணிப்போரும் உளர். பின்னதை மட்டும் நோக்கி முன்னதைக் கருதாதோரும் உளர். இவ்விரண்டையும் எவ்வாறு படித்தல் வேண்டும், எதற்கு எவ்வளவு எடை கொடுத்தல் தகும் என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வாதநோய் என்னும் பொதுப்பெயரால் வழங்குவன நூற்றுக்கு மேற்பட்ட நோய்கள். மூட்டின் கசியிழையம் தேய்வதால் முதுமையில் வரும் நோவு ஒன்று. குருதியில் யூரிக்கமிலம் மிகுந்து பெருவிரலைப் பற்றும் கௌட் என்னும் நோய் வேறொன்று. தோல், சிறுநீரகம் முதலிய பல உறுப்புக்களையும் தாக்கும் லூபஸ் பிறிதொன்று. இவற்றுள் எடுத்துக்காட்டாகக் கொள்ளத்தக்கது முடக்குவாதம். 1859 ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவராகிய அல்பிரட் கரொட் என்பவர் இதற்கு இன்று வழங்கும் ஆங்கிலப் பெயரை இட்டார். வளர்ந்தோர் நூற்றுவருள் ஒருவரை அல்லது அதனினும் சற்றுக் குறைந்த தொகையினரை இது பற்றும்; ஆண்களிலும் பெண்களை இரண்டு மூன்று மடங்கு மிகுதியாகப் பற்றும். நோய்க்கிருமிகளை எதிர்க்கவேண்டிய உடலின் தடுப்பாற்றல் நெறிதவறி மூட்டின் உட்சவ்வையே தாக்குவது இந்நோயின் இயல்பு. சவ்வு அழன்று தடித்து, நாளடைவில் கசியிழையத்தையும் எலும்பையும் அரிக்கின்றது. அழற்சியை மருந்தினால் தணிக்கலாம். அரிக்கப்பட்ட எலும்பை முன்போல் ஆக்குதல் இயலாது. எழுதுவோர்க்கும் தைப்போர்க்கும் வெண்கட்டி பிடிக்கும் ஆசிரியர்க்கும் கையே வாழ்வின் கருவி. ஆதலின் நிபுணரைத் தெரிந்தெடுக்கும் வினா அவர்களுடைய தொழிலையும் வருவாயையும் பற்றிய வினாவே ஆகும்.

முதலில் ஆராய்ச்சிக் கட்டுரைகளை நோக்குவோம். மருத்துவ வெளியீடுகளைத் தொகுத்து அட்டவணைப்படுத்தும் பணி அமெரிக்க ஐக்கிய நாட்டில் ஜோன் ஷோ பில்லிங்ஸ் என்பவரால் 1879 இல் தொடங்கப்பட்டது. ஒரு காலத்திற் பெருநூலகங்களில் மட்டுமே இருந்த அவ்வட்டவணையின் வழித்தோன்றலாகிய பப்மெட் என்னும் தொகுதி 1997 முதல் கணினி உள்ளோர் யாவர்க்கும் இலவசமாகத் திறந்து விடப்பட்டது. நிபுணர் ஒருவரின் பெயரை இட்டால் அவர் எழுதிய கட்டுரைகள் சில நொடிகளில் வரிசையாகத் தோன்றும். வசதி பெரிது, ஆயின் அதனோடு வரும் மயக்கங்களும் பல.

முதல் மயக்கம் பெயர் பற்றியது. ஒரே முதலெழுத்தும் ஒரே பெயரும் உடையோர் பலராதலின், ஒருவர் எழுதியவை மற்றொருவர் கணக்கிற் சேர்தல் உண்டு. தமிழர் பெயர்களில் தந்தை பெயரும் தம் பெயரும் இடம்மாறி அச்சாவதால் ஒருவரே இருவராகத் தோன்றுதலும் உண்டு. இக்குறையை நீக்கும்பொருட்டு ஆய்வாளர் ஒவ்வொருவர்க்கும் தனியெண் வழங்கும் ஓர்கிட் என்னும் முறை 2012 இல் நடைமுறைக்கு வந்தது. பெயரோடு பணிபுரியும் நிறுவனத்தையும் துறையையும் ஒப்பிட்டு நோக்காது பட்டியலை நம்புதல் கூடாது.

இரண்டாம் மயக்கம் எண் பற்றியது. ஒரு கட்டுரையைப் பிற கட்டுரைகள் எத்துணை முறை எடுத்தாண்டன என்பதைக் கணிக்கும் மேற்கோட் சுட்டியை இயூஜின் கார்பீல்ட் 1964 இல் வெளியிட்டார். அதனை அடிப்படையாகக் கொண்டு, ஜோர்ஜ் ஹேர்ஷ் என்னும் பௌதிகவியலறிஞர் 2005 இல் எச் சுட்டெண் என்னும் அளவையை வகுத்தார். ஒருவர் எழுதியவற்றுள் 20 கட்டுரைகள் ஒவ்வொன்றும் 20 முறையேனும் எடுத்தாளப்பட்டிருப்பின், அத்தகைய 21 கட்டுரைகள் 21 முறை எடுத்தாளப்படாதிருப்பின், அவர் சுட்டெண் 20 ஆகும். இவ்வளவை எளிது, ஆனால் அதன் எல்லைகளை அறிதல் வேண்டும். துறையையே மாற்றியமைத்த மூன்று கட்டுரைகளை மட்டும் எழுதிய அறிஞர்க்கு இச்சுட்டெண் மூன்றைத் தாண்டாது. நெடுங்காலம் எழுதியோர்க்கு அது தானே உயரும். எழுதுவதை நிறுத்திய பின்னரும் குறையாது. ஆய்வாளரை இத்தகைய எண்களால் மட்டும் அளத்தல் தகாது என்று சான் பிரான்சிஸ்கோப் பிரகடனம் என வழங்கும் அறிக்கை 2013 இல் வெளிவந்தது. ஆய்வாளர்க்கே போதாத அளவை, நோயாளியைப் பார்க்கும் மருத்துவரை அளக்க எவ்வாறு போதும்?

ஆகவே எண்ணைவிட இயல்பை நோக்குதல் நன்று. மருத்துவக் கட்டுரையில் ஆசிரியர் பெயர்கள் நிற்கும் வரிசைக்குப் பொருள் உண்டு. பெரும்பாலும் பணியின் பெரும்பகுதியைச் செய்தவர் முதலிலும், ஆய்வை நடத்திய மூத்தவர் இறுதியிலும் நிற்பர்; இடையில் வரும் பெயர்கள் பல நாடுகளிலிருந்து நோயாளிகளைச் சேர்த்துத் தந்தோருடையனவாக இருக்கலாம். அடுத்து, கட்டுரையின் வகையை நோக்கவேண்டும். ஒரு நோயாளியின் வரலாற்றைக் கூறுவது ஒரு வகை. பலரைப் பல்லாண்டு தொடர்ந்து கவனித்து எழுதுவது ஒரு வகை. நோயாளிகளை எழுமாற்றாக இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவிற்கு மருந்தும் மற்றதற்குப் போலி மருந்தும் அளித்து ஒப்பிடுவது ஒரு வகை. அத்தகைய சோதனைகள் யாவற்றையும் திரட்டி ஆராய்வது பிறிதொரு வகை. இவற்றின் சான்றுவலிமை ஒன்றல்ல.

இவ்வகைகள் படிப்படியாக வளர்வதை இலண்டன் சாரிங் குறொஸ் வைத்தியசாலையில் நடந்த ஆராய்ச்சி நன்கு விளக்கும். அங்கே பஞ்சாபிற் பிறந்த இரவீந்தர் மைனி என்னும் வாதநோய் நிபுணரும், மார்க் பெல்ட்மன் என்னும் தடுப்பாற்றலியல் அறிஞரும் இணைந்து உழைத்தனர். அழற்சியைத் தூண்டும் ரீ.என்.எப். என்னும் புரதத்தைத் தடுத்தால் முடக்குவாதம் தணியும் என்பது அவர்கள் கருத்து. 1992 இல் 20 நோயாளிகளுக்கு அப்புரதத்தைத் தடுக்கும் மருந்து ஏற்றப்பட்டது. அவர்கள் நலம் பெற்றனர். ஆயின் ஒப்பிடுதற்கு மறுகுழு இல்லாத சோதனை அது. நம்பிக்கையாலும் நோவு குறைந்ததாகத் தோன்றலாம். எனவே இலண்டன், லைடன், வியன்னா, எர்லாங்கன் ஆகிய நான்கு நகரங்களில் 73 நோயாளிகளைக் கொண்டு போலி மருந்தோடு ஒப்பிடும் சோதனை நடத்தப்பட்டு, 1994 இல் லான்செற் சஞ்சிகையில் வெளியிடப்பட்டது. நான்கு வாரம் கழிந்தபின் போலி மருந்து பெற்ற 24 பேருள் இருவரே நலங்காட்டினர். உயர்ந்த அளவு மருந்து பெற்ற 24 பேருள் 19 பேர் நலங்காட்டினர். 2003 இல் அவ்விருவர்க்கும் அமெரிக்காவின் லாஸ்கர் பரிசு வழங்கப்பட்டது. ஒரு நிபுணரின் பட்டியலில் இத்தகைய தொடர்ச்சி, அதாவது ஒரு கருத்தை எழுப்பி, அதனைத் தாமே கடுஞ்சோதனைக்கு உட்படுத்தும் நேர்மை, காணப்படுமாயின் அதுவே பெருமதிப்பிற்குரியது.

புகழ்பெற்ற கட்டுரையும் முழு உண்மையை உடனே கூறிவிடுவதில்லை என்பதற்கும் வாதநோய் வரலாற்றிற் சான்றுகள் உள. அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தில் பிலிப் ஹென்ச் என்பவர் 1948 இல் முடக்குவாத நோயாளி ஒருவர்க்குக் கோட்டிசோன் என்னும் ஓமோனை ஏற்றினார். படுக்கையிற் கிடந்தோர் எழுந்து நடந்தனர். 1950 இல் அவர்க்கு வேறு இருவருடன் நோபெற் பரிசு கிட்டியது. பின்னரே, நெடுங்காலம் மிகுந்த அளவில் அதனை உண்போரின் எலும்பு நொய்தலும், முகம் ஊதுதலும், கிருமித்தொற்று மிகுதலும் தெளிவாயின. இதற்கு மறுதலையான வரலாறு மெதொற்றெக்சேற் என்னும் மருந்தினுடையது. அதன் இனத்தைச் சேர்ந்த மருந்தொன்று முடக்குவாதத்தைத் தணிப்பதாக 1951 இல் ஒரு சிறு கட்டுரை கூறியது. கோட்டிசோனின் ஒளியில் அதனைக் கவனித்தோர் சிலரே. 1985 இற்றான் ஒப்பீட்டுச் சோதனைகள் அதன் பயனை நிலைநாட்டின. 1988 இல் அமெரிக்க அரசு அதனை முடக்குவாதத்திற்கு அனுமதித்தது. இன்று உலகெங்கும் முடக்குவாதத்திற்கு முதலில் வழங்கும் மருந்து அதுவே. எடுத்தாளப்படும் எண்ணும் உண்மையின் எடையும் எப்போதும் ஒன்றாக நடப்பதில்லை.

பணந்தரும் கை எது என்பதையும் நோக்கவேண்டும். 2000 ஆம் ஆண்டில் 8,076 முடக்குவாத நோயாளிகளைக் கொண்ட பெருஞ்சோதனை ஒன்று நியூ இங்கிலாந்து மருத்துவச் சஞ்சிகையில் வெளிவந்தது. வயொக்ஸ் என்னும் வலிநீக்கி, பழைய மருந்தைவிட வயிற்றிற்குத் தீங்கு குறைந்தது என்பது அதன் முடிபு. மருந்தை ஆக்கிய நிறுவனத்தின் பணத்தால் நடந்த சோதனை அது. 2004 இல் இதயநோய் அச்சம் காரணமாக அம்மருந்து சந்தையிலிருந்து மீட்கப்பட்டது; 2005 இறுதியில், மூன்று மாரடைப்புக்கள் கட்டுரையிற் சேர்க்கப்படவில்லை என அச்சஞ்சிகையே தன் கவலையை வெளியிட்டது. நிறுவனப் பணம் பெற்ற ஆய்வுகள் யாவும் பொய்யென்பது இதன் பொருளன்று; புதுமருந்துகள் பலவும் அவ்வழியே வந்தவை. ஆயின் கட்டுரையின் இறுதியில் அச்சிடப்படும் பணவுதவிக் குறிப்பைப் படியாது விடுதல் பேதைமை. நிபுணரின் கட்டுரைகள் யாவும் ஒரே நிறுவனத்தின் ஒரே மருந்தைப் பற்றியனவாயின் அதனைக் குறித்துக்கொள்ளல் வேண்டும்.

உள்நாட்டு ஆராய்ச்சியின் மதிப்பும் எண்களாற் புலப்படுவதன்று. 1887 முதல் வெளிவரும் இலங்கை மருத்துவச் சஞ்சிகையில் எழுதும் ஒருவரை உலகம் எடுத்தாளும் அளவு குறைவாயிருக்கலாம். ஆனால் 2006 இல் இந்நாட்டிற் சிக்குன்குனியாக் காய்ச்சல் பரவியபோது, காய்ச்சல் தணிந்த பின்னும் மாதக்கணக்கில் மூட்டுக்கள் வீங்கி நொந்தவர் பலர். அந்நோவு முடக்குவாதத்தைப் பெரிதும் ஒத்திருக்கும். குளிர்நாட்டிற் பயின்ற பெருநிபுணர் அதனைக் கண்டிராதிருக்கலாம். இங்குள்ள மருத்துவர் நன்கறிவார். ரீ.என்.எப். புரதத்தைத் தடுக்கும் மருந்துகள், உடலில் ஒடுங்கிக் கிடந்த சயரோகத்தை எழுப்புதல் கூடும் என்பது 2001 இல் 70 நோயாளிகளின் வரலாறுகளாற் புலப்பட்டது. சயரோகம் முற்றும் ஒழியாத நாடுகளில் அம்மருந்தைக் கையாளும் முறையை உள்நாட்டு ஆய்வே கற்பிக்கவல்லது.

இவ்வாறு நுணுகிப் படித்த பின்னரும் கட்டுரைப் பட்டியல் கூறாதன சில உண்டு. நிபுணர் நோயாளி சொல்வதைப் பொறுமையாகக் கேட்பாரா, வீங்கிய மூட்டை விரலால் தொட்டுணரும் திறன் அவர்க்கு எத்தகையது, மருந்தின் தீங்குகளைத் தெளிவாக எடுத்துரைப்பாரா என்பனவற்றை எந்த அட்டவணையும் அளப்பதில்லை. ஆய்வில் மிக ஈடுபட்டோர் நோயாளிகளைப் பார்க்கும் நாட்கள் குறைவாக இருத்தலும் உண்டு. கட்டுரையே எழுதாத நிபுணர் பலர் பிறர் எழுதியவற்றைத் தவறாது படித்து, அவற்றின்படி மருத்துவஞ் செய்கின்றனர். ஆகவே வெளியீடு இல்லாமை அறியாமைக்குச் சான்றாகாது.

இனி இரண்டாம் செய்தியாகிய நாளட்டவணைக்கு வருவோம். இதனை வெறும் வசதி பற்றிய செய்தியென்று பலர் கருதுவர். வாதநோய் ஆராய்ச்சியின் முடிபுகளோ அக்கருத்தை மறுக்கின்றன. ஒல்லாந்து நாட்டின் லைடன் நகரில், மூட்டழற்சி தொடங்கியோரை விரைவிற் காண்பதற்கென்றே 1993 இல் ஒரு சிகிச்சை நிலையம் அமைக்கப்பட்டது. அங்கிருந்து 2010 இல் வெளிவந்த ஆய்வொன்று, முடக்குவாதம் உறுதிசெய்யப்பட்ட 598 பேரை ஆராய்ந்தது. அவர்களுள் நூற்றுக்கு 69 பேர், நோய்க்குறி தோன்றி 12 வாரமோ அதற்கு மேலோ கழிந்த பின்னரே நிபுணரைக் கண்டிருந்தனர். அவ்வாறு பிந்தியோரின் மூட்டுக்கள், முந்தியோரின் மூட்டுக்களைவிட 1.3 மடங்கு விரைவாக ஆறாண்டுக் காலத்திற் சிதைந்தன. மருந்தை நிறுத்திய பின்னும் நோயின்றி வாழும் நிலையை எய்தும் வாய்ப்பும் அவர்களுக்குக் குறைந்தது. நோயின் தொடக்க மாதங்களில் திறந்திருக்கும் வாயில் பின்னர் மெல்ல அடைபடுகின்றது.

இவ்வுண்மையை உணர்ந்த மருத்துவச் சங்கங்கள் காலவரையறைகளை வகுத்துள்ளன. மூட்டு வீங்கிய ஒருவரை நோய்க்குறி தோன்றி ஆறு வாரத்துள் வாதநோய் நிபுணர் காணவேண்டும் என்பது 2016 ஆம் ஆண்டின் ஐரோப்பியப் பரிந்துரை. குடும்ப மருத்துவர் அனுப்பி மூன்று வாரத்துள் நிபுணர் நிலையத்தில் நோயாளி ஆராயப்படவேண்டும் என்பது இங்கிலாந்தில் வகுக்கப்பட்ட தரவிதி. விதி ஓரிடத்தும் நடப்பு வேறிடத்தும் நிற்பது அந்நாடுகளிலும் உண்டு. ஆயினும் நோயாளியொருவர் தம் காத்திருப்பை ஒப்பிடுதற்கு இவை நல்ல அளவுகோல்களாகும்.

காத்திருப்பு எவ்வாறு நீள்கின்றது என்பதைச் சிறு கணக்கொன்று காட்டும். ஒரு நிபுணர் வாரந்தோறும் புதிய நோயாளிகள் 10 பேரைக் காண்பதாகவும், அவரிடம் வாரந்தோறும் 12 பேர் அனுப்பப்படுவதாகவும் கொள்வோம். வேறுபாடு இருவரே. எனினும் 52 வாரத்தின் முடிவில் வரிசையில் நிற்போர் 104 பேர்; இறுதியில் நிற்பவர் பத்து வாரத்திற்கு மேல் காத்திருத்தல் வேண்டும். நிபுணரின் புகழ் ஒரு கட்டுரையால் உயர்ந்து, வாரத்திற்கு 15 பேர் வரத் தொடங்கின், அதே நிலை ஐந்து மாதத்திற்குள் வந்துவிடும். புகழே அணுக்கத்தைத் தடுக்கும் வழி இது.

ஆதலின் நாளட்டவணையையும் கட்டுரைப் பட்டியலைப் போலவே நுணுகிப் படித்தல் வேண்டும். முதலிற் காணப்படும் வெற்றிடம், யாரோ ஒருவர் வராது விட்டதால் தற்செயலாக நேர்ந்ததாக இருக்கலாம். அதனாற்றான் வைத்தியசாலை நிருவாகம் பற்றி ஆராய்வோர், வரிசையிலுள்ள மூன்றாவது வெற்றிடம் எத்தனை நாள் கழித்து வருகின்றது என்பதையே உண்மையான அளவாகக் கொள்வர். அடுத்து, அட்டவணையில் உள்ள பெயர் நிபுணருடையதாயினும் நோயாளியைக் காண்பவர் யார் என்று அறிதல் வேண்டும். பெரிய போதனா வைத்தியசாலைகளிற் பயிற்சி பெறும் இளமருத்துவரே முதலிற் காண்பார். அது குறையன்று, அவர் ஐயுற்றபோது மூத்தவர் அருகில் உள்ளாரா என்பதே கேட்கத்தக்கது. முதற் சந்திப்பு எப்போது என்று கேட்போர் பலர். இரண்டாஞ் சந்திப்பு எப்போது என்று கேட்போர் சிலர். வாதநோயில் இரண்டாம் வினாவே முதன்மையானது.

இதனைத் தெளிவாக நிலைநாட்டியது ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ நகரில் நடந்த சோதனை. 2004 இல் லான்செற் சஞ்சிகையில் வெளிவந்த அவ்வாய்வில் முடக்குவாத நோயாளிகள் எழுமாற்றாக இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவினர் வழக்கம்போல் மூன்று மாதத்திற்கு ஒருமுறை காணப்பட்டனர். மற்றக் குழுவினர் மாதந்தோறும் காணப்பட்டு, வீங்கிய மூட்டுக்கள் எண்ணப்பட்டு, நோய் தணியாதபோதெல்லாம் மருந்து கூட்டப்பட்டது. இரு குழுக்களுக்கும் கிட்டியவை பழைய மருந்துகளே; விலையுயர்ந்த புதுமருந்து எதுவும் இல்லை. 18 மாதத்தின் முடிவில், வழக்கமான குழுவின் 55 பேருள் 9 பேரே நோய் தணிந்த நிலையை எய்தினர். மாதந்தோறும் காணப்பட்ட 55 பேருள் 36 பேர் அந்நிலையை எய்தினர். மொத்தச் செலவும் மிகவில்லை. புதிய மருந்தொன்று இத்தகைய பயனை அளித்திருப்பின் உலகெங்கும் அதன் பெயர் முழங்கியிருக்கும். இங்கே மருந்தாக நின்றது சந்திப்பின் நெருக்கமும், ஒவ்வொரு சந்திப்பிலும் அளந்து செயற்படும் ஒழுங்குமே.

நாள்தோறும் வழங்கும் மருத்துவமும் இதனையே வற்புறுத்தும். மெதொற்றெக்சேற் வாரத்திற்கு ஒருமுறை மட்டும் உண்ணத்தக்கது. நாள்தோறும் உண்டால் உயிர்க்கு இறுதி நேர்தல் கூடும். அதனை உண்போரின் குருதியையும் ஈரலின் நிலையையும் தொடக்கத்தில் இரண்டு வாரத்திற்கு ஒருமுறையும், பின் சற்று நீண்ட இடைவெளிகளிலும் சோதித்தல் வேண்டும். காய்ச்சல் வந்தால் நிறுத்துவதா, கருவுற எண்ணும் பெண் எப்போது நிறுத்துவது என்னும் வினாக்கள் திடீரென எழுவன. நூறு மைலுக்கு அப்பாலிருந்து அரையாண்டிற்கு ஒருமுறை காணும் பேரறிஞர் இவற்றிற்கு விடைகூற இயலாது. அண்மையிலுள்ள சிகிச்சை நிலையமும், குருதி சோதிக்கும் கூடமும், வினவினால் விடையளிக்கும் தாதியும் இம்மருத்துவத்தின் உறுப்புக்கள்.

இலங்கையில் இவ்விரு செய்திகளும் தமக்கே உரிய வடிவில் அமைகின்றன. கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மருத்துவப் பட்டப்பின் படிப்பு நிறுவகத்திற் பயிற்சியும் பரீட்சையும் முடித்தோரே வாதநோய்த் துறையில் நிபுணராவர். ஆதலின் அடிப்படைத் தகுதியை அறியக் கட்டுரைப் பட்டியலை நாடவேண்டியதில்லை. அரசாங்க வைத்தியசாலைச் சிகிச்சை இலவசமானது, கிளினிக் நாட்கள் வரையறுக்கப்பட்டவை, வரிசையோ நீண்டது. அந்நிபுணர்கள் பலரையே மாலை வேளைகளில் தனியார் நிலையங்களிற் கட்டணஞ் செலுத்திச் சனல் முறையிற் காணலாம். தனியார் நிலையத்தில் நோயை விரைவில் அறிந்துகொண்டு, தொடர்ந்த மருந்தையும் குருதிச் சோதனையையும் அரசாங்கக் கிளினிக்கிற் பெறுதல் பலர் கைக்கொள்ளும் வழி. வசதி குறைந்தோர்க்கு ஒரேயொரு சந்திப்பின் செலவைத் தாங்குதலும், மாதந்தோறும் தாங்குதலும் ஒன்றல்ல. முதல் எண்ணைப் பெறுவதற்கு முன்னரே பின்வரும் எண்களையும் கணக்கிடுதல் நன்று.

இரு செய்திகளையும் ஒருங்கே சீர்தூக்கும்போது சில முடிபுகள் தாமே பெறப்படுகின்றன. முடக்குவாதம், கௌட் போன்ற பரவலான நோய்களின் மருத்துவநெறி நன்கு வகுக்கப்பட்டுவிட்டது. பயிற்சி பெற்ற நிபுணர் யாவர்க்கும் அது தெரியும். அந்நோய்களில், ஆறு மாதம் கழித்துக் கிட்டும் புகழாளரைவிட மூன்று வாரத்திற் கிட்டி, மாதந்தோறும் காணத்தக்க உள்ளூர் நிபுணரே சிறந்தவர். தோல் இறுகும் நோய், குருதிக்குழாய் அழற்சி போன்ற அரிய நோய்களில் நிலை வேறு. அவற்றையே நெடுங்காலம் ஆராய்ந்தவரின் அறிவு ஈடற்றது. அவரைத் தேடித் தொலைவு செல்லுதல் தகும். அப்போதும் அருகிலுள்ள மருத்துவரிடம் சிகிச்சையைத் தொடங்கிவிட்டு, அவர் கடிதத்தோடு செல்லுதலே முறை. காத்திருத்தல் என்பது சும்மா இருத்தல் ஆகாது. ஆய்வாளரின் அறிவுரையை ஒருமுறை பெற்று உள்ளூர் நிபுணர் அதனை நடைமுறைப்படுத்துவாராயின் இரு நலனும் ஒருங்கே வாய்க்கும்.

எந்த அட்டவணைக்கும் காத்திராத நோய்களும் உள. காய்ச்சலோடு ஒரு மூட்டு மட்டும் திடீரெனச் சிவந்து வீங்கிக் கொதித்தால், அதனுட் கிருமி புகுந்திருத்தல் கூடும். சில நாட்களில் மூட்டு அழியும். ஐம்பது வயதைக் கடந்தோர்க்குப் புதிதாய்க் கடுந்தலைவலி தோன்றி, மெல்லும்போது தாடை நொந்து, பார்வை மங்குமாயின், தலையின் நாடி அழன்று கண்ணொளியைப் பறிக்க முற்படுகின்றது எனல் வேண்டும். இவ்விரு நிலையிலும் நிபுணர் யார் என்று ஆராய்தலை விடுத்து, அன்றே அருகிலுள்ள பெரிய வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும்.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில், கற்ற மருத்துவன் கருதவேண்டியவற்றுள் நோயாளியின் நிலையோடும் நோயின் அளவோடும் காலத்தையும் சேர்த்து வைத்தார். கல்வியும் காலமும் அங்கே பிரித்து எண்ணப்படவில்லை. லைடன் அறிஞரும் கிளாஸ்கோ மருத்துவரும் பல்லாண்டு உழைத்து எண்களால் நிறுவியதும் அதனை ஒத்ததே. மிகச் சிறந்த ஆராய்ச்சிக் கட்டுரைகளே, விரைவிற் காண்பதும் அடிக்கடி காண்பதும் மருத்துவத்தின் பாதி என்று சான்று பகர்கின்றன. நிபுணரின் பட்டியலைப் படிக்குமிடத்து, இவர் எத்துணை எழுதினார் என்று வினவுவதோடு, அவ்வாராய்ச்சிகள் கற்பித்த விரைவும் ஒழுங்கும் இவருடைய சிகிச்சை நிலையத்தில் நடைபெறுகின்றனவா என்றும் வினவுதல் வேண்டும். அவ்வினாவை எழுப்பும் நோயாளி, எலும்பு அரிக்கப்படுமுன் தம் கையைக் காத்துக்கொள்ளும் வாய்ப்பைப் பெறுவார்.